யாருக்கு நன்றி: தூத்துக்குடியிலிருந்து தேரிக்காடு வரை

ஆகஸ்ட் 4, திங்கள். தூத்துக்குடி

தூத்துக்குடியில் இது காற்றுக் காலம். மேற்கே இருந்து நாள் முழுக்க அடிக்கிறது, புழுதியோடு. பக்கத்திலேயே கடல் இருந்தும் குளிர்ச்சி கிடையாது. ரயிலடியில் இறங்கி ஆட்டோ ஏறுவதற்குள் பல்லில் மண் நறநறத்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சி.எஸ்.ஐ.யாக்கா? பெந்தேகோஸ்தேவா?"

நான் பொட்டு வைப்பதில்லை. கம்மலும் போடுவதில்லை. திருச்சியில் எங்கள் தெருவில் அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவும் பாட்டியும் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்டம் வந்ததே 1967இல்தான், அதற்கும் முன்னால் நடந்தது அது. எங்கள் வீட்டில் சாமி மாடம் இருந்ததே இல்லை. ஆனால் இந்தத் தெற்குப் பக்கம் வெறும் நெற்றி என்றால் கிறிஸ்தவப் பெண், கம்மலும் இல்லையென்றால் பெந்தேகோஸ்தே. "ரெண்டும் இல்லைண்ணே. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரவுண்டானா தாண்டியதும், "சரிக்கா. மாதா எல்லாருக்கும்தான்" என்றார். திருவிழா நேரம்தான், ஆனாலும் பேசிய 120 ரூபாய்க்கு மேல் கேட்கவில்லை.

தோழி பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பனிமய மாதா திருவிழாவுக்கு. அவள் கத்தோலிக்கப் பரதவர் வீட்டுப் பெண். கட்டிக்கொண்டது செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. நாடார் பையனை. இரண்டு வீடும் ஒரே கிறிஸ்துவைத்தான் கும்பிடுகின்றன, ஆனாலும் சபை வேறு, சாதி வேறு என்று மூன்று வருஷம் இழுத்தடித்தார்கள். நான் வந்த காரணத்தை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். மதத்தைப் பற்றி மேடையிலும் புத்தகத்திலும் நிறையக் கேட்டாயிற்று, அடுப்படியிலும் பஸ்ஸிலும் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ராத்திரி சீலா மீன் குழம்பு. தோழியின் அம்மா தட்டு முன்னால் ஜெபம் சொன்னார். முடியும்வரை நானும் கை வைக்கவில்லை. அது அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் தர வேண்டிய மரியாதை, அவ்வளவுதான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாட்டுப்படகில் போனவர். ஒருமுறை நடுக்கடலில் இன்ஜின் நின்று இரண்டு ராத்திரி அலைந்த கதையைச் சொன்னார். மூன்றாம் நாள் வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறது. "மாதாதான் அனுப்பினா" என்றார்.

நான் கேட்டேன்: "இழுத்துட்டு வந்தவங்க யாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியாமலா?" என்று நாலு பேரையும் பட்டப்பெயரோடு சொன்னார். ஒருத்தர் இறந்துவிட்டார், அவர் மகளுக்குப் பேறுகாலம் இங்கேதான் பார்த்தார்கள். மற்ற மூவரும் நாளைக்குச் சாப்பிட வருகிறார்களாம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவார்களாம்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மத நம்பிக்கையோடு எனக்குள்ள பெரிய சண்டையே இதுதான்: மனுஷர் கஷ்டப்பட்டுச் செய்த நல்ல காரியத்தின் பேரெல்லாம் மேலே போய்விடுகிறது. செய்தவன் வெறும் கருவி ஆகிவிடுகிறான். இந்த வீட்டில் அப்படி இல்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி, அந்த நாலு பேருக்கு இலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய். தூத்துக்குடி

ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 சப்பரம். உள்ளூர் விடுமுறை. விடிவதற்கு முன்பே தெருவில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தங்கத் தேர் எல்லா வருஷமும் ஓடாது. இந்த வருஷம் சப்பரம்தான், அதற்கே இந்தக் கூட்டம்.

கோயில் 1713இல் கட்டியது. மாதா சொரூபம் அதற்கும் முந்தியது, 1555இல் கடல் வழியாக வந்தது என்பது ஊர் சொல்லும் வரலாறு. 'ஏழு கடல்துறை ஏக அடைக்கலத் தாய்' என்று பட்டம். கடலுக்குப் போகிறவர்கள் ஏன் ஒரு தாயை வேண்டினார்கள் என்று நேற்று அந்த அப்பா பேசும்போதே விளங்கிவிட்டது. காற்றும் அலையும் யார் பேச்சையும் கேட்பதில்லை. கேட்கிற ஒருத்தி வேண்டும்.

வரிசையில் என் முன்னால் நின்ற அக்கா உப்புப் பொட்டலம் வைத்திருந்தார், நெற்றியில் குங்குமம். முருகனுக்கும் நேர்ந்திருக்கிறாராம், இங்கேயும் நேர்ந்திருக்கிறாராம். மகனுக்கு வேலை. "எங்க கிடைச்சாலும் சரி" என்றார். எந்தச் சாமி உண்மை என்ற கேள்வி அவருக்கு வரவே இல்லை, எனக்கோ சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விதான். மகன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டேன். டிப்ளமா மெக்கானிக்கல், மூன்று வருஷமாக ஒப்பந்த வேலை, மாதம் பதினோராயிரம். இந்த ஊரில் அனல்மின் நிலையம், துறைமுகம், உப்பளம், எத்தனையோ தொழிற்சாலை. அந்தப் பையனுக்கு நிரந்தர வேலை தராததற்குப் பொறுப்பானவர்கள் இந்தப் பூமியில்தான் இருக்கிறார்கள், விலாசத்தோடு. அவர் கையிலோ உப்புப் பொட்டலம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த விலாசக்காரர்கள் மேல் வந்தது.

சாயங்காலம் சப்பரம் கிளம்பியதும் கூட்டம் தள்ளி ஒரு செருப்பு போயே போய்விட்டது. ஓரமாக ரப்பர் செருப்பு விற்றுக்கொண்டிருந்த பாய் கடைக்கு ஒற்றைச் செருப்போடு போனேன். 150 ரூபாய். கையில் இருந்தது ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அவரிடம் சில்லறை இல்லை, கூட்ட நெரிசலில் நெட்வொர்க் செத்து ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தது. "போட்டுட்டுப் போங்கம்மா, நாளைக்குத் தாங்க. கடை பிரிக்க மத்தியானம் ஆகும்" என்றார். நாகூர், வேளாங்கண்ணி, திருச்செந்தூர், எந்த ஊரில் கூட்டம் கூடினாலும் போவாராம். நான் திரும்பி வருவேன் என்று எதை வைத்து நம்பினார் என்று கேட்டேன். "வராட்டா 150 ரூவா" என்றார்.

அப்புறம் நைட் கிளப். இந்த ஊரில் அது பரோட்டாக் கடை. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பரோட்டாவை நொறுக்கிச் சால்னாவை ஊற்றினார்கள். கால் வலி பாதி போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன். மணப்பாடு

காலையில் பாய்க்குப் பணம் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்தேன். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் தாண்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று. மேலே 1581ஆம் ஆண்டுத் திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். ஏறும்போது காற்று துப்பட்டாவைப் பிடுங்கி முகத்தில் அடித்தது. கீழே கடலோரக் குகை ஒன்று இருக்கிறது, பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடம் என்கிறார்கள். உள்ளே குனிந்துதான் நிற்க முடியும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்காமலே கூட வந்து விளக்கினார். சவேரியார் கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்தார், பிள்ளைகளைக் கூட்டினார், ஜெபங்களைத் தமிழில் சொல்லித் தந்தார், கடலோரம் முழுக்க மனம் திரும்பியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருஷக் கணக்கு வேறு சொல்கிறது. சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். பரதவர்கள் திருமுழுக்கு வாங்கியது அதற்கு முன்பே, 1535, 36 வாக்கில். முத்துக்குளிக்கும் உரிமைக்காக எதிரிகளோடு அடிதடி, உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பேசினார்கள். பாதுகாப்பு வேண்டும், பதிலுக்கு மதம் மாறுகிறோம் என்று முடிவானது. ஊர் ஊராகத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பர்னாந்து, மச்சாது, மோத்தா என்ற பெயர்கள் வந்தது அப்படித்தான்.

இதைச் சொன்னதும் பெரியவர் மறுக்கவில்லை. "அது சரிதாம்மா. ஆனா பயத்துல வந்தவன் நூறு வருசத்துல திரும்பிப் போயிருக்கணும்லா? போகலியே" என்றார். நல்ல கேள்வி, யோசித்துக்கொண்டே இறங்கினேன். அவர் அதை அருள் என்பார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் மக்களைக் காப்பாற்ற அன்றைக்குக் கையில் இருந்த ஒரே வழியைப் பிடித்தார்கள், அதற்குப் பிறகு கோயிலைத் தங்கள் ஊரின் சபையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிறப்பு, கல்யாணம், வலை ஏலம், கடலில் காணாமல் போனவனைத் தேடப் போவது, எல்லாம் கோயில் மணியில் தொடங்கும். நானூறு வருஷம் ஒரு ஊரைச் சேர்த்து வைத்தது மனுஷர் உழைப்பு. பிரசங்கத்தில் அந்தத் தலைவர்களின் பெயர் வருவதில்லை, புனிதரின் பெயர்தான் வருகிறது.

உடன்குடியில் கருப்பட்டிக் காபி குடித்தேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு சில்லைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். சீனி கலந்ததில் இந்தப் புகை வாசம் வராதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன். வடக்கன்குளம்

இந்தப் பயணத்தில் நான் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வந்த இடம் இது. பணகுடி பக்கம், காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய கிராமம். 1872ஆம் ஆண்டுத் திருக்குடும்பக் கோயில். ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் விரிவதுபோல் இரண்டு நீண்ட மண்டபங்கள். காற்சட்டைக் கோயில் என்ற பேர் அதனால்தான் வந்தது. ஒரு மண்டபம் வேளாளர்களுக்கு, இன்னொன்று நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும். நடுவில் தடுப்பு. பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஒரு பக்கத்து ஆளை மறுபக்கத்து ஆள் பார்க்க வேண்டியதில்லை. கட்டும்போதே அப்படி வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு மண்டபமும் சேரும் இடத்தில் போய் நின்றேன். மத்தியான வேளை, யாரும் இல்லை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் இரண்டு வாசலும் தெரிகின்றன. ஒரு அப்பாவும் மகனும் ஒரு வாசலில் நுழைகிறார்கள், அவர்கள் வயலில் வேலை செய்கிறவரும் அவர் மகனும் இன்னொரு வாசலில். இரண்டு பையன்களும் நாக்கை நீட்டி ஒரே கையிலிருந்து நற்கருணை அப்பம் வாங்குகிறார்கள். "நாம் எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறோம்" என்று சாமியார் சொல்கிறார். இரண்டு பக்கமும் "ஆமென்" என்கிறது. முப்பத்தெட்டு வருஷம் அப்படி நடந்திருக்கிறது.

1910இல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார் பங்குத்தந்தையாக இருந்தபோது தடுப்பை இடித்தார்கள். மேல்சாதிக்காரர்கள் தங்கள் உரிமை போய்விட்டது என்று வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

என் மனதில் ஓடியது இதுதான். தடுப்பைக் கட்டச் சொன்னவர்கள் விசுவாசிகள். இடித்தவர் விசுவாசி. திரும்பக் கட்ட வேண்டும் என்று வழக்காடியவர்களும் விசுவாசிகள். எல்லோரும் படித்தது ஒரே வேதம், முழந்தாள்போட்டது ஒரே பீடம். அப்படியானால் நியாயத்தை எங்கிருந்து எடுத்தார் கௌசானல்? வேதத்திலிருந்து என்று அவர் சொல்லியிருப்பார். அதே வேதம் மற்றவர்களுக்கு அதைத் தரவில்லையே. அது அந்த மனுஷனுக்குள்ளேயே இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால்தான் அவருக்கு என்னால் மனதார நன்றி சொல்ல முடிகிறது. கடவுளின் கருவி என்று சொல்லிவிட்டால் அவர் பட்ட பாடு சின்னதாகிவிடும்.

சாதி, கோயிலோடு முடிந்துவிடவில்லை. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவரைச் சின்ன வயதிலேயே எனக்குக் காட்டினார்கள். செத்த பிறகும் சுவர். கோயில் பிரித்ததைச் சட்டம் வேறு விதமாகத் தண்டித்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று அரசு சொல்கிறது. போகவில்லை என்று அந்தச் சுவர் சொல்கிறது.

கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி தண்ணீர் கொடுத்தார். "எங்கன இருந்து வாரீய?" என்றார். தடுப்பைப் பற்றிக் கேட்டேன். "எங்க பாட்டிக்குத் தெரியும். கண்ணால பாத்தவ. நான் பாக்கல, பாக்காததே நல்லது" என்றவர், பூவுக்குத் திரும்பிவிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. காற்றாடிமலை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளையே தள்ளுகிறது. பேசினால் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்பதில்லை. தேவசகாயத்தைச் சுட்ட இடம் இது, 1752 ஜனவரி 14. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சிறை, சித்திரவதை, கடைசியில் துப்பாக்கி. 2022 மே 15இல் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன் பெயரிலிருந்த 'பிள்ளை'யை வாத்திகான் நீக்கியது, சாதிப் பெயரை விட்டவருக்கு அதையே திரும்ப ஒட்டக் கூடாது என்று இங்கிருந்து வலியுறுத்தியதால்.

மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் உயிர் விட்டபோது விழுந்த பாறை, அதனால் ஒலிக்கிறது என்று கூட வந்த கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார். தட்டினால் ஒலிக்கும் கல் சுசீந்திரத்திலும் நெல்லையப்பர் கோயிலிலும் தூணாகவே நிற்கிறது. எனக்கு வருத்தம் பாறையைப் பற்றியல்ல. பிள்ளைகள் தட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். சாதி விட்டு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஒருவர் அரச வேலையையும் உயிரையும் கொடுத்தார் என்ற கதை அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. என்னருகில் நின்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் சொன்னேன், ஏழாவது படிக்கிறாளாம். "யார்கூட சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அதுக்கா சுட்டாங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி. இடையன்குடி, அப்புறம் தோழியின் மாமியார் வீடு

சிவப்பு மணல், பனை, மறுபடி சிவப்பு மணல். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய கோயில். 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. 1841இல் இங்கே வந்தவர், 1891இல் கொடைக்கானலில் இறந்தார், உடலை இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்ளேயே புதைத்தார்கள். அந்தக் கல்லின் முன் நான் வெகுநேரம் நின்றேன். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாமல் அவை தனிக் குடும்பம் என்ற பேச்சு இவ்வளவு உறுதியாக எழுந்திருக்காது, என் தாத்தா நின்ற திராவிட இயக்கத்தின் பெயரும் வேறாக இருந்திருக்கும். கடவுள் இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒரு பிஷப் கொடுத்த கொடை அது. இதே மனுஷர் 1849இல் எழுதிய ஒரு புத்தகம் இந்த ஊர் நாடார்களை இழிவுபடுத்துகிறது என்று அவர்கள் பல வருஷம் எதிர்த்தார்கள். இரண்டும் அவர் செய்ததுதான்.

இந்த மக்களுக்குச் சபை என்ன கொடுத்தது என்பதை மறுக்கவே முடியாது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெண் படிப்பு. மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், மார்பை மூடும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடிபட்டு, 1859இல் அரசாணை வாங்கினார்கள். மிஷனரிகள் துணை நின்றார்கள். அடி வாங்கியது அந்தப் பெண்கள்.

முதலூரில் இறங்கி மஸ்கோத் அல்வா வாங்கினேன், தேங்காய்ப்பாலில் செய்வது. கால் கிலோ வாங்கியது வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிட்டது.

தோழியின் மாமியாரை நானும் அத்தை என்றே கூப்பிட்டேன். வாசலிலேயே, "வா மக்கா, வெயில்ல வந்திருக்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. துணியிலிருந்து வந்த வாசம் எனக்குப் பழக்கமானது, என் பெரியம்மாவுக்குக் கால் எடுப்பதற்கு முன் வீட்டில் இருந்த வாசம். தோழி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள். மெட்ஃபார்மின், பட்டை பட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்காமல். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு அக்கா மாதாமாதம் இந்த மணலில் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டு, டப்பாவில் வைத்துவிடுகிறார். ஒரு ஜெப வீட்டில் யாரோ சாட்சி சொன்னார்களாம், மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசித்தேன், சர்க்கரை போய்விட்டது என்று.

எனக்குக் கை நடுங்கியது. நேராகப் போய்க் கேட்டேன். அத்தை கோபப்படவில்லை. "போட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிரும்லா மக்கா" என்றார்.

"பசிச்சா சோறு சாப்பிடுறீங்களே அத்தை. அது விசுவாசக் குறைச்சலா?"

"அது வேற, இது வேற."

மகன் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டான். தோழி வாயே திறப்பதில்லை. "நான் சொன்னா ஆர்.சி.க்காரி சொல்லுதான்னு ஆயிரும்" என்றாள். நான் சொன்னால் சாமியே இல்லாதவள் சொல்கிறாள் என்றாகும். ராத்திரி அத்தை என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு ராத்திரி பயமா இருந்தா யாரைக் கூப்பிடுவ மக்கா?" அம்மாவை, தோழிகளை என்றேன். "அவங்க தூங்கிட்டா?" என்றார். எழுப்புவேன் என்றேன். அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் மெல்ல எனக்காக ஜெபித்தார். நான் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. அதே ஊர், அசனம்

இன்றைக்கு ஊரில் அசனம், சபை எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. நேற்று ராத்திரியே கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிவிட்டார்கள். விடிவதற்கு முன் எழுந்து அங்கே போனேன். அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சாம்பார். தலைமைச் சமையல்காரர் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது. ஐயரும் அங்கேதான் இருந்தார். இங்கே சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்பார்கள்.

என்னை யார் என்று சொல்லிவிட்டு, அத்தையின் கதையைச் சொன்னேன். மத நம்பிக்கை இல்லாதவள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார். "இன்னும் ரெண்டு வீட்டுல இதே கதைதான். நானே ரெண்டு வேளை மாத்திரை போடுறேம்மா" என்றார்.

ஆராதனையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அத்தைக்கு அருகில் உட்கார்ந்தேன். ஐயர் பிரசங்கத்தின் நடுவில் லூக்காவை எடுத்தார். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர், பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்கிறார். தீமோத்தேயுவுக்கு வயிறு சரியில்லாதபோது பவுல் ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லவில்லை, கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்றார். "மாத்திரையை நிறுத்துறது விசுவாசம் இல்லை. அது ஆண்டவரைச் சோதிக்கிறது. நம்ம சபையில யாராவது நிறுத்தியிருந்தா இன்னைக்கு மத்தியானமே போடுங்க" என்றார். அத்தை குனிந்து சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் மைக்கில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள், பணம் கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவர்களின் பெயர் வரவில்லை. கீழ்த்தெருவில் இருக்கும் தலித் கிறிஸ்தவர்கள் வருவார்களா என்று தோழியின் கணவரிடம் கேட்டேன். சிலர் வருவார்கள், அவர்களுக்குத் தனிச் சபை இருக்கிறது, தனி அசனமும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கம் போய்ச் சமையல்காரர் கையைப் பிடித்து, கறி ரொம்ப நன்றாக இருந்தது, நன்றி அண்ணாச்சி என்றேன். "எல்லாம் கர்த்தர் கிருபை" என்றவர், நான் நகராமல் நின்றதும், எத்தனை மணிக்கு மசாலா அரைத்தார்கள், விறகு ஈரமாக வந்து எப்படிப் படுத்தியது, சோறு குழைந்துவிடுமோ என்று எப்படிப் பயந்தார் என்று கால் மணி நேரம் சொன்னார். உதவிக்கு நின்ற பையன்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தானாகவே டப்பாவைத் திறந்து, ஜெபம் பண்ணி, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். தோழி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் பெரிய நிம்மதி. ஆனால் ஒன்று உறுத்துகிறது, அதை எழுதாமல் விட முடியாது. டாக்டர் சொல்லிக் கேட்காதவர், பெற்ற மகன் சொல்லிக் கேட்காதவர், ஐயர் சொன்னதும் கேட்டார். ஒரு ஜெப வீட்டில் யாரோ சொன்னதும் இதே அத்தைதான் கேட்டார். இந்த ஐயர் நல்லவர். அடுத்த மாற்றலில் யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு உயிர் அடுத்து வரும் மனுஷனின் குணத்தை நம்பித் தொங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. தோழியிடம் இதைச் சொன்னேன். "நீ டாக்டரை நம்புறதும் அப்படித்தானே?" என்றாள். டாக்டர் சொன்னது தப்பு என்றால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், சாட்சி சொன்னவரை எதை வைத்துச் சோதிப்பது என்றேன். பஸ் வரும்வரை இருவரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். முடியவில்லை.

புதன்கிழமை காலில் உள்ள புண்ணைக் காட்ட அத்தையைத் தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், அதனால் முதல் பஸ். மாத்திரை கொண்டுவரும் அக்காவின் பெயரைத் தோழியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவர் வரும்போது எனக்கு போன் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவரிடமும் பேச வேண்டும்.